என் மாமனாரின் கீழ்க்குரல்

என் மாமனார் எண்ணெய் கேட்டால் சீனக் கடைக்காரர் வினிகர் கொடுப்பார். பருப்பு கேட்டால் பட்டாணி. குற்றம் கடைக்காரர் மேல் இல்லை. அந்த மனிதர் பாவம், பாதி உடம்பை மேஜைக்கு மேலாக நீட்டி, காதை என் மாமனாரின் வாயருகே கொண்டுவந்து வைத்துப் பார்ப்பார். அப்படியும் விளங்காது. "ஆங்?" என்று ஒரு தரம் கேட்பார். இன்னொரு தரம் சொல்ல என் மாமனாருக்கு வாய் வராது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். எங்கள் தீவின் பீனிக்ஸ் ஊரில் எங்கள் வீட்டைப் போல அச்சார் ஊறுகாய் போட்ட வீடு வேறு கிடையாது. அவ்வளவு வினிகரை வேறென்னதான் செய்வது.

குரல் இல்லாத மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். வடக்கே ஒரு கரும்புத் தோட்டத்தில் அவர் சர்தாராக இருந்தவர். வெள்ளைக்கார மானேஜருக்கும் வயலில் வெட்டுகிற கூட்டத்துக்கும் நடுவில் நின்று வேலை வாங்குகிற ஆள்தான் சர்தார். அந்த நாளில் அவர் ஒரு கோடியில் நின்று கூப்பிட்டால், மறுகோடியில் கரும்புக்குள் நிற்கிறவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்வானாம். மானேஜரின் குதிரைகூட இவர் குரலுக்குத்தான் நிற்குமாம்.

தோட்டங்களில் கூலிக்காரர்கள் வேலையை நிறுத்திய காலம் வந்தது. இவர் தோட்டத்து ஆட்களும் கூலி போதாது என்று காம்ப்பில், அதாவது அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், போய் உட்கார்ந்துவிட்டார்கள். மானேஜர் இவரைக் கூப்பிட்டு, எல்லோரையும் ஆலை முற்றத்துக்கு வரச் சொல், பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார். இவர் குரல் கொடுத்தார். வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் அவர்கள் வந்திருக்க மாட்டார்கள். சர்தார் குரல் என்பதால் வந்தார்கள். முற்றத்துச் சுவருக்குப் பின்னால் துப்பாக்கிகள் இருந்தன. ஆறுமுகம் என்கிற ஆள் அந்த இடத்திலேயே செத்துப்போனார். வேறு சிலரும் காயப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு என் மாமனார் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு பீனிக்ஸுக்கு வந்துவிட்டார். ஒரு மரக்கடையில் வாசல் காவல். பேச வேண்டாத வேலை. இவ்வளவையும் எங்களுக்குக் கல்யாணமான புதிதில் என் மனைவி லட்சுமி சொன்னாள். அவளுக்கு அவள் அம்மா சாவதற்கு முன் சொன்னது. அவர் தானாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்கு உலகத்தில் இருந்தது ஒரே பயம்தான்: அந்தக் குரலை யாராவது எங்காவது கேட்டு, இது அவனுடைய குரல் அல்லவா என்று அடையாளம் சொல்லிவிடுவார்கள் என்பது.

ஆகவே அவர் குரலை ஒளித்து வைத்தார். நாம் கிழிந்த பனியனை ஒளித்து வைப்போமே, அந்த மாதிரி. கோயிலில் எல்லோரும் அரோகரா சொல்லும்போது இவர் உதட்டை மட்டும் அசைப்பார். பக்கத்து வீட்டுச் சமையலறையில் ஒருமுறை தீப்பிடித்தபோது, முதலில் பார்த்தவர் இவர். வேறு யாராக இருந்தாலும் ஊரைக் கூட்டியிருப்பார்கள். இவர் ஒவ்வொரு வீடாக ஓடி, கதவைத் திறந்தவர்களின் சட்டையைப் பிடித்து இழுத்தார். என்னை இழுத்தபோது நான் குளித்துவிட்டுத் துண்டோடு நின்றேன். நல்லவேளை, என் கையைப் பிடித்தார்.

லட்சுமிக்கு இன்னொன்று மனதில் தைத்துக் கிடந்தது. சின்ன வயதில் போர்ட் லூயி சந்தையில் அவள் கூட்டத்தில் தொலைந்துவிட்டாள். மற்ற அப்பாக்கள் என்ன செய்வார்கள்? பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். இவர் கத்தவில்லை. சந்தையை வாய் திறக்காமல் சுற்றிச் சுற்றி வந்து, மீன் பலகைக்குக் கீழே அழுதுகொண்டிருந்தவளைக் கண்டுபிடித்தார். "என் பேரை ஒரு தடவை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேன். நான் செத்தாலும் பரவாயில்லைன்னுதானே சுத்துனார்," என்பாள். பிறகு அவளே, "அப்படி இல்லை, தெரியும்," என்பாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வாள்.

இந்த வீட்டுக்குள்தான் நான் ஒலிப்பதிவு மெஷின் வாங்கிக்கொண்டு வந்தேன்.

சுதந்திரம் வரப்போகிறது என்று எல்லாத் தெருவிலும் கட்சிக்காரர்கள் ஒலிபெருக்கி வைத்துக் கத்திக்கொண்டிருந்த நாட்கள் அவை. நான் அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. எனக்கு நல்ல குரல் என்று எனக்குள் ஒரு எண்ணம். அதை மறுக்க யாரும் முன்வராததால் உறுதிப்பட்டிருந்தது. காவடித் திருவிழாவில் பாடுவேன், கல்யாண வீட்டில் கேட்காமலே பாடுவேன். டேப் சுற்றுகிற மெஷின் ஒன்றை வாங்கி, முருகன் பாட்டு ஒன்றைப் பாடி, ஓடவிட்டுக் கேட்டேன். சளி பிடித்த ஆட்டுக்குட்டி ஒன்று உள்ளேயிருந்து பாடியது. மெஷினைத் தூக்கிக்கொண்டு நேரே கடைக்குப் போய், பழுது என்று சண்டை பிடித்தேன். கடைக்காரர் மைக்கில் நாலு வார்த்தை பேசி ஓடவிட்டார். அவர் குரல் அவர் குரலாகவே வந்தது. "மெஷின் சரியாத்தான் இருக்கு, மெஸ்யே," என்றார், மிகவும் மரியாதையாக. அன்று வீட்டுக்கு நடந்து வந்தபோது தெரிந்தவர் எவரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இத்தனை வருஷமாக அவர்கள் எல்லோரும் அந்த ஆட்டுக்குட்டியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் நாங்கள் பேசியது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவுப் பேச்சு. தமிழ் எங்களுக்குப் பாட்டில் இருந்தது. அந்தப் பாட்டையும் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்து, அர்த்தம் தெரியாமல் உருகிப் பாடுவோம். நான் இப்போது எழுதுகிற தமிழ் பிற்பாடு கோயில் வகுப்பில் படித்தது. பிழை இருந்தால் வாத்தியாரைச் சொல்லாதீர்கள். நான் அவர் கண்ணில் படாத பெஞ்சில் இருந்தேன்.

வெட்கத்தை மறைக்க ஆள் சேர்த்தேன். லட்சுமியும் என்னோடு பாடினால் ஆட்டுக்குட்டி கொஞ்சம் அடங்கும் என்று கணக்கு. இருவரும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமனார், தன்னை அறியாமல் முனகினார். எங்கள் மெட்டு அல்ல. நாங்கள் மேலே ஏறினால் அவர் கொஞ்சம் தாமதித்து ஏறினார். நாங்கள் நிற்கிற இடத்தில் அவர் கீழே வேறொரு இடத்தில் நின்றார். ஆனால் அடிக்காமல், உறுத்தாமல், எங்கள் இரண்டு குரலுக்கும் கீழே பாய் விரித்த மாதிரி கிடந்தது.

"அப்பாவுக்கு மெட்டு தப்பிப்போச்சு," என்றாள் லட்சுமி மெதுவாக.

ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் ரேமோன், மாதா கோயிலில் பாடுகிறவர். அவரிடம் முனகிக் காட்டினேன். சிரித்தார். "தப்பு இல்லை. அது இரண்டாம் குரல். எங்க கோயில்ல அதைப் பழக்க மாசக்கணக்கா ஆகும். உன் மாமனார் எங்கே படிச்சார்?"

எங்கேயும் படிக்கவில்லை. யார் குரலுக்கும் கீழே போய் ஒளிந்துகொள்வது அவருக்குப் பழக்கம். ஒளியப் போன இடம் சுருதிக்குள் இருந்தது, அவ்வளவுதான்.

ரேமோனிடமும் ஒரு மெஷின் இருந்தது. அதையும் தூக்கி வந்தேன். வேலை இப்படி: முதலில் நானும் லட்சுமியும் பாடி என் மெஷினில் பிடிப்போம். பிறகு அதை ஓடவிட்டு, அந்தப் பாட்டோடு இன்னொரு குரல் சேர்ந்து பாட, இரண்டும் கலந்து ரேமோனின் மெஷினில் ஏறும். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் பின்னால் ஒரு இரைச்சல் கூடும். எங்கள் ஊரில் ஏற்கெனவே ஓயாத மழை, வீட்டுக்குத் தகரக் கூரை. டேப்பிலும் ஒரு மழை சேர்ந்துகொண்டது. யார் குரல் பெரிதாக, யார் குரல் சின்னதாக விழ வேண்டும் என்பதற்குப் பித்தான் எதுவும் கிடையாது. வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் எவ்வளவு தூரமோ, அதுதான் கணக்கு. நான் மைக்கைத் தின்றுவிடுகிற தூரத்தில் நிற்பேன்.

அவரை மைக் இருக்கிற அறைக்குள் கொண்டுவருவதே பெரும்பாடாக இருந்தது. மெஷினைச் சுற்றி வந்து, கட்டிப்போட்ட நாயைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இது மறக்குமா, மாப்பிள்ளை?"

"அழிச்சா மறந்துடும், மாமா."

"சுத்தமாவா?"

"சுத்தமா."

"காட்டு."

நான் "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லிப் பிடித்து, ஓடவிட்டு, அழித்து, மறுபடி ஓடவிட்டேன். வெறும் இரைச்சல். இன்னொரு தரம் காட்டச் சொன்னார். காட்டினேன். அந்த வெற்று இரைச்சலைக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டார்.

"நல்ல மெஷின்," என்றார்.

பிறகுதான் சம்மதித்தார். அதற்கும் நிபந்தனைகள். மைக்கின் பக்கம் வரமாட்டார். முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறை வாசலில் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். வார்த்தை பாடமாட்டார். "ம்" உண்டு, "ஆ" உண்டு. அவ்வளவுதான்.

"வார்த்தையோட பாடினா இன்னும் நல்லா இருக்கும், மாமா."

"வார்த்தை வந்தா ஆள் வந்துடும்," என்றார்.

இன்னொரு நாள், நான் எப்போதும் மேல்குரல் பாடுவதைக் கேலி செய்து சொன்னார்: "மேல நிக்கிறவனைத்தான் ஜனம் திரும்பிப் பாக்கும். நீ நில்லு. உனக்கு ஒண்ணும் இல்லை, ஆட்டை யாரும் பிடிச்சுட்டுப் போகமாட்டாங்க." என் முகம் போன போக்கைப் பார்த்து லட்சுமி சமையலறைக்குள் ஓடிவிட்டாள். ஆட்டுக்குட்டிக் கதையை அவள்தான் சொல்லியிருந்தாள். அவர் சிரித்து நான் பார்த்தது அந்தச் சனிக்கிழமைகளில்தான். மூவரும் பாடியது ஒன்றாகக் கலந்து மெஷினிலிருந்து வரும்போது, எங்கள் வீட்டுக்குள் முன்பின் தெரியாத ஒரு பெரிய குடும்பம் வந்து பாடுவது போலிருக்கும். லட்சுமிக்குக் கண் கலங்கும். அவள் பிறந்தது முதல் கேட்காத குரல் அல்லவா. அவளுக்கு வார்த்தை இல்லாவிட்டாலும் போதும் என்றிருந்தது.

கோயில் தலைவர் காதுக்கு விஷயம் எட்டியது. காவடி விரத நாட்களில் ஒலிபெருக்கியில் போட எங்கள் டேப்பைக் கேட்டார். எனக்கு உடனே தலைகால் புரியவில்லை. மாமனார், "வேண்டாம்," என்றார். லட்சுமி தட்டுகளைக் கழுவினாள். வழக்கத்தைவிட நெடுநேரம் கழுவினாள். கடைசியில் அவரே, "மெஷினைப் போடு," என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய், சூசூ என்கிற சௌசௌக் கொடிப் பந்தலுக்கு அப்பால் வேலியோரம் நின்று காதைக் கொடுத்தார். பாட்டு முடிந்ததும் வந்தார்.

"என் குரல் தெரியலை. புள்ளை குரல்தான் தெரியுது. குடுத்துடு."

என் குரல் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டுத்தான் வாங்க வேண்டுமா.

கோயில் கூரையில் கட்டியிருந்த கூம்பு ஒலிபெருக்கி எங்கள் மெஷினைப் போல இங்கிதம் தெரிந்த பொருள் அல்ல. என் குரலின் மூக்கைப் பிடித்து அமுக்கி ஓரத்தில் தள்ளியது. லட்சுமி குரலைக் கம்பி போல இழுத்தது. அடியில் பாயாகக் கிடந்த குரலைச் சுருட்டி எடுத்து, நட்டநடுவில் நிறுத்திவிட்டது. பூ கட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் கரும்பு வரைக்கும் அந்த "ம்" போயிற்று.

தலைவர் என்னைத் தேடி வந்தார். "யாருப்பா அந்த ஆளு? மெட்டே தெரியாம உம் உம்முன்னு தனியாப் போறாரே. பதிவு பண்ணும்போது ஒரு வார்த்தை நிறுத்தச் சொல்லக் கூடாதா?"

"அது தப்பு இல்லைங்க. இரண்டாம் குரல். சுருதி சேர்ந்துதான் இருக்கு."

"ரெண்டு பேர் ரெண்டு விதமாப் பாடினா முருகன் எதைக் கேப்பார்?"

பக்கத்தில் நின்ற ஒருவர், "மாதா கோயில் வாடை அடிக்குது," என்றார். இன்னொருவர் பரிதாபப்பட்டார்: "வயசானவரா இருக்கும். பாவம், விட்டுடுங்க." ரேமோனிடம் கேட்டுப் படித்ததையெல்லாம் எடுத்து விளக்க ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. டேப்பை நிறுத்திவிட்டு வழக்கமான இசைத்தட்டைப் போட்டார்கள்.

மாமனாரைக் கோயிலுக்குப் பின்னால், கால் கழுவுகிற குழாயடியில் கண்டேன். தலையில் துண்டைப் போட்டு முகம் தெரியாமல் குந்தியிருந்தார். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடாமல் விட்டது சத்தத்துக்காக என்று எனக்குப் பட்டது.

"நிறுத்தச் சொல்லு."

"நிறுத்திட்டாங்க, மாமா."

"வெளியூர் ஆளுங்க வந்திருந்தாங்களா?"

நான் ஒரு நகைச்சுவை சொன்னேன். எல்லோரும் உங்களைவிட என்னைத்தான் திட்டினார்கள் என்கிற மாதிரி ஏதோ. எனக்கு எந்த இடத்தில் என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் நகைச்சுவை வந்துவிடும். அவர் துண்டை எடுக்கவில்லை.

வெளியூர் ஆட்கள் வந்திருந்தார்கள்.

திருவிழா முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழையில், எங்கள் வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்றார். அறுபது வயது இருக்கும். ஆண்பிள்ளை மழைக்கோட்டு ஒன்றைப் புடவைக்கு மேல் போட்டிருந்தார்.

"சர்தார் வீடு இதுதானே?"

பீனிக்ஸில் அவரை அந்தப் பேரில் யாரும் கூப்பிட்டதில்லை. லட்சுமி வாசலை மறைத்து நின்றுகொண்டாள். "இங்க சர்தார்னு யாரும் இல்லைங்க."

"இருக்கார். ஸ்பீக்கர்ல இருந்தார்," என்றார் அந்த அம்மாள். "கோயில் தலைவர்கிட்ட, தப்பாப் பாடினவர் வீடு எதுன்னு கேட்டேன். உடனே காட்டிட்டார்."

உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. சமையலறையின் பின்கதவு திறந்துதான் இருந்தது. தோட்டம், வேலி, அதைத் தாண்டினால் சந்து. அவர் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பது என் இடத்திலிருந்து தெரிந்தது. போய்விடுவார் என்று நினைத்தேன். போய்விட்டால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் முன் அறைக்கு வந்தார்.

"உள்ள வரச் சொல்லு, லட்சுமி."

அந்த அம்மாள் உட்காரவில்லை. மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றார். அவர்கள் இருவரும் பேசியது காம்ப்பின் தமிழ், பாதி கிரியோல் கலந்தது; அதனால் எங்களுக்கும் விளங்கியது. என் மாமனாருக்கு அவ்வளவு தமிழ் வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"நான் வீரம்மா. ஆறுமுகத்தோட சம்சாரம்."

"தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சிருக்காது. வழியில பாத்தா தாண்டிப் போயிருப்பேன். உடம்பு கிழடாயிடுச்சு உனக்கு. குரல் ஆகலை." அறையைச் சுற்றிப் பார்த்தார். மேஜைமேல் எங்கள் இரண்டு மெஷின்களும் இருந்தன. "லாங் மவுண்டன்ல மக வீட்டுல இருக்கேன். நேத்திக்கடன்னு கோயிலுக்கு வந்தேன். பூ வாங்கிட்டு நிக்கிறேன், மேலேருந்து நீ வர்றே. கையில இருந்த பூ விழுந்துடுச்சு. என்ன பாட்டு அது, வாயைத் தொறக்காம?"

"முருகன் பாட்டு."

"வார்த்தை எங்க?"

லட்சுமி டீ கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை.

"ஒண்ணு கேக்கத்தான் வந்தேன்," என்றார் வீரம்மா. "துப்பாக்கி இருக்குன்னு தெரிஞ்சா கூப்பிட்டே?"

"கூப்பிடும்போது தெரியாது."

"அப்புறம்?"

அவர் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒன்றை ஒன்றால் பிடித்துக்கொண்டார். "நீங்கள்லாம் வந்துட்டு இருந்தீங்க. ஆறுமுகம் முன்னால வந்தான். சுவருக்குப் பின்னால ஒரு தொப்பி அசைஞ்சது. நான் பாத்தேன். அவன் அப்பவும் வாசலைத் தாண்டலை. திரும்பிப் போங்கன்னு ஒரு சத்தம் குடுத்திருக்கணும். மானேஜர் என் பக்கத்துல நின்னார். வாயைத் தொறந்தேன். குரல் வரலை."

"வரலையா, நீ விடலையா?"

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. லட்சுமி என் சட்டைக் கையைப் பிடித்தாள். அவர் சொல்லாமல் இருந்துவிடுவார், அல்லது வரவில்லை என்றே சொல்லிவிடுவார், நாமும் அப்படியே நம்பிவிட்டுப் போகலாம் என்று நான் ஆசைப்பட்டேன். அவருக்காக ஆசைப்பட்டதாகத்தான் அப்போது எண்ணம்.

"விடலை," என்றார்.

வீரம்மா தலையை ஆட்டினார். அழவில்லை. கேட்க வந்ததைக் கேட்டுக்கொண்ட தலையாட்டல் அது.

"இப்ப சொல்லு."

"என்ன சொல்ல?"

"அன்னிக்கு விடாததை. உம் உம்முன்னு இல்லாம, வார்த்தையோட."

என் மாமனார் மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு திறந்திருந்த வாசல் பக்கம் திரும்பி, காலைக் கொஞ்சம் அகற்றி நின்றார். வயிறு உள்ளே போவதைப் பார்த்தேன்.

"ஆறுமுகம். திரும்பிப் போ. எல்லாரும் திரும்பிப் போங்க."

கத்தல் என்று அதைச் சொல்ல முடியாது. கத்தலில் கிழிசல் இருக்கும். இது முழுசாகப் போயிற்று. தகரத்து மழையை அப்பால் தள்ளிவிட்டுத் தெருவுக்குப் போயிற்று. மேஜைமேல் தம்ளர்கள் ஒன்றோடு ஒன்று உரசின. தெருக்கோடியில் பஸ்ஸுக்குக் குடை பிடித்து நின்றவர்கள், யாரோ தங்களைத்தான் போகச் சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். லட்சுமி காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

வீரம்மா தலையை ஒரு பக்கம் சாய்த்து, அது அடங்கும் வரைக்கும் கேட்டார்.

"கேட்டிருக்கும்," என்றார். "வாசல்ல நின்னவனுக்கு நல்லாவே கேட்டிருக்கும்."

"ஆமா," என்றார் என் மாமனார்.

அந்த அம்மாள் மழைக்கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பஸ் நிறுத்தம் வரை குடை பிடித்துக்கொண்டு நான் போனேன். குடை முழுவதும் அவர் பக்கம் பிடித்தேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான். ஏதாவது பேச வேண்டும் என்று ஒரு பதற்றம். வாயில் வந்தது இது: "பாட்டு எப்படிம்மா இருந்தது?" சொன்ன மறுநொடி மழையில் கரைந்து சாக்கடையோடு போய்விடலாம் போலிருந்தது.

அவர் அதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். நடந்தபடி யோசித்தார்.

"இன்னொரு ஆம்பளைக் குரல், உன்னுதா?"

"ஆமாம்மா."

"அது ரொம்பக் கிட்ட நிக்குது. அவரை மறைக்குது. அடுத்த தடவை நீ தள்ளி நில்லு. அவரைக் கிட்ட உக்கார வை. வார்த்தையோட பாடச் சொல்லு."

"ஏம்மா?"

"எனக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா? அந்தக் காம்ப்பு ஆளுங்க அங்கங்க இன்னும் உசிரோட இருக்காங்க. கேக்கட்டும்."

பஸ் வந்தது. மன்னிப்பாகச் சொன்னாரா, தண்டனையாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று எட்டிப் பார்த்தேன். அவர் அதற்குள் சீட்டில் உட்கார்ந்து, நனைந்த மழைக்கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மாமனாரிடம் ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். என் குரலைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்துத்தான். ஒரு நகைச்சுவையும் சேர்க்கவில்லை. அவர் எழுந்து மேஜைக்குப் போய், மைக்குக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"லட்சுமி, முதல் வரி என்ன, சொல்லு. எனக்கு வார்த்தை தெரியாது."

அந்தச் சத்தம் கொடுத்ததில் தொண்டை கட்டிப்போய், கரகரவென்று வந்தது பேச்சு.

"நாளைக்குப் பாடலாம், மாமா," என்றேன். "தொண்டை கட்டியிருக்கு."

"இருக்கட்டும்," என்றார். "அவங்களுக்கு அடையாளம் தெரியும்."